மீட்டர்ப் பலகைக் குளவி

இரண்டே காலுக்கு அது மறுபடியும் வந்தது. கிரில் கம்பிக்குள் நுழைந்து, வராந்தாவை ஒரு சுற்றுச் சுற்றி, வேறெங்கோ போகிறதுபோல் போக்குக் காட்டிவிட்டு, நேரே மீட்டர்ப் பலகைக்கு மேலே போய் உட்கார்ந்தது. வாயில் மண்ணுருண்டை. செம்மண். பிளாஸ்டிக் நாற்காலியில் அய்யாத்துரை அசையவில்லை. பதினோரு நாளாக அவர் அசையாமல்தான் பார்க்கிறார். குளவிக்கு அவரைப்பற்றிக் கவலையில்லை. ஈர மண்ணைச் சுவரில் வைத்து இழுக்கும்போது அதன் சத்தம் மாறும். பறக்கும்போது வருகிற ரீங்காரம் இல்லை அது. பல்லைக் கடித்துக்கொண்டு யாரோ அழுகிற மாதிரி ஒரு மெல்லிய நெருடல். மூன்று அறை முடித்துவிட்டது. நாலாவதன் விளிம்பு சட்டிக் கழுத்துபோல் மடிந்து நிற்கிறது. கெட்டிக்காரக் கழுதை. இத்தனை வீடு இருக்க இந்த வீடுதானா கிடைத்தது. குளவி வீட்டுக்குள் கூடு கட்டினால் அந்த வீட்டில் ஒருத்தி முழுகாமல் இருக்கிறாள் என்று அர்த்தம். செம்மண் என்றால் பெண்பிள்ளை, கரிசல் என்றால் ஆண். இதையெல்லாம் அவருக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுபோல் அவருக்கும் தெரியும். இந்த வீட்டில் இருப்பது இரண்டு பேர். ஒன்று அவர். எழுபத்திரண்டு வயது. மின்வாரியத்தில் இருபத்தேழு வருஷம் வீடுவீடாய்ப் போய் மீட்டர் ரீடிங் எடுத்து ஓய்வு பெற்றவர். அவர் முழுகாமல் இருக்க வழியில்லை. இன்னொன்று மருமகள் பொன்மலர். அவள் புருஷன், இவர் மகன் தனசேகர், மஸ்கட்டுக்கு விமானம் ஏறிப் பதினோரு மாசம் ஆகிறது. இவ்வளவுதான் விஷயம். இன்றைக்கு வெள்ளிக்கிழமை. வெள்ளி நாலு மணிக்கு மகன் பேசுவான். இன்று சொல்லிவிடுவது என்று காலையில் பல் தேய்க்கும்போதே முடிவு செய்தாயிற்று. நீட்டி முழக்க வேண்டியதில்லை. வீட்ல குளவி கூடு கட்டியிருக்குடா. அது போதும். அவனும் இந்த ஊரில் பிறந்தவன்தான். மிச்சத்தை அவன் பார்த்துக்கொள்வான்.

மீட்டருக்குள் சிவப்புப் பொட்டு ஒன்று மினுங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. மறுபடி மினுங்கியது. ஒரு மின்விசிறி, ஒரு பிரிட்ஜ். அவர் காலத்தில் வட்டத் தகடு சுற்றும், அதில் ஒரு கறுப்புக் கோடு இருக்கும், கோடு வருகிற வேகத்தை வைத்தே உள்ளே மோட்டார் ஓடுகிறதா மாவாட்டுகிறார்களா என்று வாசலில் நின்றபடி சொல்லிவிடுவார். இப்போது பொட்டு. பொட்டானால் என்ன. வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதை இது பேசிக்கொண்டேதான் இருக்கிறது, கேட்கத் தெரிய வேண்டும். பொன்மலர் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு ஒன்றரைக்கு அறைக்குள் போனாள். கதவைச் சாத்தினாள். தாழ் போட்டாளா? சத்தம் கேட்கவில்லை. சத்தம் கேட்காமல் தாழ் போடவும் முடியும். போன மாசம் வரைக்கும் மத்தியானத்தில் கதவைச் சாத்தியவள் இல்லை. சாத்தியிருந்தாலும் அவர் கவனித்ததில்லை. கவனிக்காதது ஒரு காலத்தில் நிம்மதியாக இருந்தது. திங்கட்கிழமை விடியற்காலையில் கொல்லைப் பக்கம் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு என்னமோ செய்தாள். வாந்தி எடுப்பவர்கள்தான் குழாயைத் திறந்து விட்டுக்கொள்வார்கள். பல் தேய்ப்பவர்களும் திறந்து விட்டுக்கொள்வார்கள், ஆனால் அவ்வளவு நேரமா? புதன்கிழமை மீன்காரர் வந்து சத்தம் கொடுத்தபோது வேண்டாம் என்று அனுப்பிவிட்டாள். ஏன் என்று மீன்காரர் கேட்டதற்குப் புரட்டாசி என்றாள். போன புரட்டாசியில் இதே வீட்டில் அயிரைக் குழம்பு வைத்தவள். அப்போது சேகர் இருந்தான். அவன் கேட்டான், வைத்தாள். இப்போது யார் கேட்கிறார்கள்? அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வாயைத் திறந்து ஒன்றைக் கேட்கிற பழக்கம் அவருக்கு விட்டுப் போய் ரொம்ப நாளாயிற்று.

செம்மண்ணுக்கு வருவோம். இந்தத் தெருவே கரிசல். தோண்டினால் முழங்கால் ஆழத்துக்குக் கறுப்பு. மழை பெய்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும் கறுப்பு. அப்படியானால் இந்தக் குளவிக்குச் செம்மண் எங்கிருந்து வருகிறது? மூன்றாம் நாளே எழுந்துபோய்ப் பார்த்துவிட்டார். இரண்டு மனை தள்ளிப் புதிதாக வீடு கட்டுகிறார்கள். அஸ்திவாரம் நிரப்ப லாரியில் கொண்டுவந்து கொட்டிய செம்மண் குவிந்து கிடக்கிறது. அதன் ஓரத்தில் தண்ணீர்த் தொட்டி கசிகிறது, அந்த ஈரத்தில் இரண்டு மூன்று குளவிகள் வாலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. அந்த வேலையைப் பார்க்கிற மேஸ்திரி ஒருவன் இருக்கிறான். மோட்டார் சைக்கிள், கறுப்புக் கண்ணாடி. நாலைந்து தரம் குடிதண்ணீர் கேட்டு இந்தக் கிரில் பக்கம் வந்து நின்றிருக்கிறான். பொன்மலர் பாட்டிலை நிரப்பிக் கம்பி வழியாகக் கொடுத்தாள். ரொம்ப நன்றி தங்கச்சி என்றான். என்ன தங்கச்சி? முதல் நாளே என்ன தங்கச்சி? கேட்கிறவர் காதில் விழட்டும் என்று சொல்கிற தங்கச்சி. அப்புறம் செவ்வாய், வியாழன் தையல் வகுப்பு. போகும்போது சுத்தமாகப் போகிற செருப்பு வரும்போது சிவந்து வருகிறது. வாசலில் இப்போதுகூட இருக்கிறது, ஓரத்தில் கோடு கட்டின மாதிரி செம்மண். பஸ் நிறுத்தத்துக்கு அந்த மனையை ஒட்டித்தான் குறுக்குப் பாதை. அது தெரியும். அவள் செருப்புக்குப் பக்கத்தில் அவருடையதும் கிடக்கிறது. அதிலும் செம்மண். அவர் கண்ணை எடுத்துக்கொண்டார். அவர் பால் வாங்கப் போனார், அது வேறு.

மினுங்கியது. ஐந்து எண்ணவில்லை, நாலுதான். இல்லை, அவர்தான் மெதுவாக எண்ணிவிட்டார். குளவி பறந்து போயிற்று. போன உடனே வராது. அடுத்த நடைக்கு மண் கொண்டு வருமோ, புழு கொண்டு வருமோ. பச்சைப் புழு, தீக்குச்சிக் கனம், அதைக் காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, தன்னைவிடப் பாரமானதைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு, கிரில் கம்பியில் ஒரு தரம் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டு வரும். ஒற்றையாகத்தான் வரும். ஆண் குளவி என்று ஒன்று இருக்க வேண்டுமே, அது எங்கே? பதினோரு நாளில் ஒரு நாளும் கண்ணில் படவில்லை. மண் சுமப்பது இது, இரை சுமப்பது இது, முட்டை இது, மூடி முத்திரை வைப்பதும் இதுவே. புழுவை அடைத்து வைத்துக் கொட்டிக்கொண்டே இருந்தால் புழுவே குளவியாகிவிடும் என்று ஊரில் சொல்வார்கள். பெரிய பெரிய சாமியார்கள்கூடச் சொல்வார்கள். அய்யாத்துரை நம்பிக்கொண்டுதான் இருந்தார், எண்பத்திரண்டில் ஒரு அரிசி ஆலையில் மீட்டர் மேலிருந்த கூட்டை டெஸ்டர் முனையால் நெம்பும் வரைக்கும். உள்ளே ஏழெட்டுப் புழு. செத்தவை இல்லை. செத்திருந்தால் பரவாயில்லை. தொட்டால் ஒரு நெளிவு, அவ்வளவுக்கு மட்டும் உயிரை விட்டு வைத்திருந்தது. அவற்றுக்கு நடுவில் அரிசி மாதிரி வெள்ளையாக ஒன்று, தின்றுகொண்டிருந்தது. எதுவும் எதுவாகவும் மாறவில்லை. அப்படியானால் ஊர் சொன்னது பொய். ஒன்று பொய்யானால் இன்னொன்று? அவர் அந்த இடத்தில் நின்றார். நின்று, திரும்பிக்கொண்டார். புழு விஷயம் வேறு, இது வேறு. இருபத்தேழு வருஷத்தில் எத்தனை மீட்டர் பலகை பார்த்திருப்பார். குளவி கட்டிய வீடுகளில் வயிற்றுப் பிள்ளைக்காரி இருந்ததைக் கண்ணால் கண்டவர் அவர். மேலத்தெருப் பட்டாசுக்காரர் வீடு, தபால்காரர் வீடு, அந்த இரட்டைப் பிள்ளை பெற்ற வீடு. கண்ணால் கண்டது. சரி. அரிசி ஆலையில் யார் முழுகாமல் இருந்தார்கள்? ரேஷன் கடைக் கிடங்கில்? பொண்டாட்டி செத்துத் தனியாகக் கிடந்த சைக்கிள் கடைக்காரர் வீட்டில் வரிசையாக ஆறு கூடு இருந்ததே. சேகர் அவன் அம்மா வயிற்றில் இருந்த பத்து மாசமும் ஒரு குளவிகூட எட்டிப் பார்க்கவில்லையே. அதையெல்லாம் யார் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். பலித்ததுதான் நிற்கும்.

நூற்று நாற்பத்தேழு. வந்துவிட்டது. வரும் என்று தெரியும், பதினோரு நாளாக அதைத்தான் சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தார், கிணற்றுச் சுவரை ஒட்டி நடக்கிற மாதிரி. அந்த வீட்டுக்காரர்கள் பெயர் தெரியாது. சர்வீஸ் நம்பர்தான் தெரியும். பெயர்கள் அவருக்கு நின்றதில்லை, நம்பர்கள் நின்றன. ஊருக்குக் கிழக்கே ஆறு மைல், சைக்கிள் மிதித்துப் போனால் பதினோரு மணிக்கு அந்த வீடு வரும். பச்சைக் கதவு. புருஷன் பம்பாயில் ஏதோ ஆலையில் இருந்தான், மாமியாரும் மருமகளும் மட்டும். ரீடிங் எடுத்து வெள்ளை அட்டையில் எழுதிக் கொடுத்தால் அந்தப் பெண் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுப்பாள், உப்பு கொஞ்சம் தூக்கலாக. அவருக்கு அப்போது வாய் உண்டு. இப்போது இருக்கிற ஆள் இல்லை அவர். வீட்டுக்கு வீடு ஒரு வேடிக்கை வைத்திருப்பார், அதற்கென்றே மோர் கொடுப்பார்கள், காபி கொடுப்பார்கள். குளவிக்கூடு கண்ணில் பட்டால் அவர் சொல்வது எப்போதும் ஒன்றுதான். குளவியே வந்து சேதி சொல்லிட்டுது, எனக்கு எப்பம்மா சீனி? பெண்கள் வெட்கப்படுவார்கள், கிழவிகள் சிரிப்பார்கள், இல்லாத வீட்டில் இல்லை என்பார்கள், அவரும் சிரித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார். அன்றைக்கும் அதைத்தான் சொன்னார். அதே குரலில்தான் சொன்னார். மீட்டர் மேலே செம்மண் கூடு. சொம்பை நீட்டிய கை நின்றது. பாதியில் நின்றது. மோர் கொஞ்சம் தளும்பி அவள் பெருவிரலில் வழிந்தது. உள்ளே அம்மிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, அதுவும் நின்றது. அதற்கு அப்புறம் அவருக்கு ஞாபகம் இருப்பது அம்மி நின்ற சத்தம்தான். சத்தம் நின்றதற்கு ஒரு சத்தம் உண்டு. அவர் மோரைக் குடித்தார். நல்லா இருக்கும்மா என்றார். சைக்கிளை எடுத்தார்.

இரண்டு மாசம் கழித்து அதே பதினோரு மணி. கதவைத் திறந்தது கிழவி. மீட்டரைப் பார்த்தார். அட்டையில் எழுதினார். ஒன்பது யூனிட். வழக்கமாக முப்பது, முப்பத்தைந்து ஓடுகிற வீடு. மின்விசிறி ஓடவில்லை. ஒரு விளக்கு, அதுவும் அரை நேரம். மீட்டருக்கு மேலே கூட்டைச் சுரண்டி எடுத்திருந்தார்கள், சுவரில் வளையம் வளையமாய் நாலு சிவப்புத் தடம். மருமக இல்லையாம்மா என்று கேட்டார். இல்ல என்றாள் கிழவி. ஊருக்குப் போயிருக்கா? கிழவி அட்டையை வாங்கி ஆணியில் மாட்டினாள். இல்ல என்றாள் மறுபடி. இரண்டு இல்லைக்கும் ஒரே எடை. அவர் தெருமுனை டீக்கடையில் சைக்கிளை நிறுத்தினார், கேட்டால் சொல்லியிருப்பார்கள், டீக்கடையில் எல்லாம் சொல்வார்கள். டீயைக் குடித்தார். கேட்கவில்லை. அடுத்த மாதம் அலுவலகத்தில் முதுகுவலி என்று சொல்லி அந்தப் பக்கத்து ஊர்களை இன்னொருவருக்கு மாற்றிவிட்டார். அவள் பிறந்த வீட்டுக்குப் போனாளா, பம்பாய்க்குப் போனாளா, எங்கே போனாள், தெரியாது. முழுகாமல் இருந்தாளா இல்லையா, அதுவே தெரியாது. அதைத்தான் அவரால் விழுங்க முடியவில்லை. இருந்திருந்தால்கூட ஒரு மாதிரி இருந்திருக்கும். இல்லாமலிருந்தால்?

சே. அது வேறு, இது வேறு. அங்கே அவர் யாரோ, வெளி ஆள், வாய் நீளம். இங்கே அவர் மாமனார். மகன் பாலைவனத்தில் வெந்துகொண்டிருக்கிறான். பெற்றவன் கண்ணை மூடிக்கொண்டு இருப்பதா? மணி மூன்றேகால். இன்றைக்கு ரீடிங் எடுக்கவும் வருவார்கள், வருவது சந்தனம் என்கிற ஆள், ஐம்பது வயசு, பெயர்தான் சந்தனம், வாயில் பூட்டு கிடையாது. போன தடவை வந்தபோது மூன்றாவது வீட்டுக்காரருக்கு வழுக்கை விழுந்ததைப்பற்றிப் பேசிக்கொண்டே அந்த வீட்டு ரீடிங்கைத் தப்பாகப் பார்த்தான். அவன் இந்தக் கூட்டைப் பார்ப்பான். பார்க்காமல் எப்படி, மூக்குக்கு நேரே இருக்கிறது. பார்த்தால் சும்மா போவானா? அந்தக் காலத்து அய்யாத்துரை போவாரா? பக்கத்து வீட்டு ரோஸ்மேரி டீச்சரே போகவில்லையே. டீச்சர் நல்ல பொம்பளை, பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் குரலை உயர்த்தி உயர்த்தித் தாழ்த்த மறந்து போனவர். புதன்கிழமை கேக் கொண்டுவந்தவர் கூட்டைப் பார்த்துவிட்டு, அண்ணே உங்க வீட்ல குளவி கட்டியிருக்கே, யாருக்கு, உங்களுக்கா என்று சிரித்தார். வாய் சிரித்தது. அப்புறம் கண் பொன்மலரின் அறைக் கதவுக்குப் போயிற்று. சிரிப்பு நின்றது. கேக் நல்லா வந்திருக்கான்னு தெரியல என்று பேச்சை மாற்றிக்கொண்டு போய்விட்டார். அந்த நிற்பை அய்யாத்துரை பார்த்தார். அம்மி நின்ற மாதிரியே இருந்தது. கதவுக்குப் பின்னால் பொன்மலர் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது அவருக்கு நிச்சயம். சாயங்காலம் அவள் கேக்கைத் தொடவில்லை. தொடாததையும் அவர் கணக்கில் வைத்துக்கொண்டார்.

பொட்டு திடீரென்று வேகம் பிடித்தது. விநாடிக்கு ஒரு தரம், நாடி மாதிரி, தப், தப், தப். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இஸ்திரிப் பெட்டி. வேறெதுவும் இப்படி அடிக்காது. கொஞ்ச நேரம் அடித்து, நின்று, சூடு ஆறியதும் மறுபடி அடிக்கும். இஸ்திரிப் பெட்டிதான். கதவைச் சாத்திக்கொண்டு மத்தியானம் மூன்றேகாலுக்கு யாருக்காகத் தேய்க்கிறாள்? எங்கே போகப் போகிறாள்? இன்று செவ்வாயும் இல்லை வியாழனும் இல்லை. அவர் பொட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்று, இரண்டு, நூறு, நூற்று நாற்பது, அந்த எண் வருவதற்குள் எண்ணுவதை நிறுத்திக்கொண்டார். பொட்டு ஓய்ந்தது. கதவு திறந்தது. தாழ் விலகிய சத்தம் இல்லை. தாழே போடவில்லையோ. பொன்மலர் ஒரு கையில் டீயும், இன்னொரு கையில் மடித்த துணி அடுக்குமாக வந்தாள். முப்பது வயது, முகத்தில் தூக்கம் இல்லை, நெற்றியில் வேர்வை. டீயை அவர் பக்கத்து ஸ்டூலில் வைத்தாள். அடுக்கில் மேலே அவருடைய வெள்ளைச் சட்டை மூன்று. அடியில் ஒரு நீலச் சட்டை. அவர் பார்வை அதில் போய் ஒட்டியது.

"இது யாரது?"

"அவங்களோடது மாமா. தீபாவளிக்கு எடுத்தது. மறந்துட்டீங்களா?"

எந்தத் தீபாவளி? போன தீபாவளி முடிந்து நாலாம் நாள் விமானம். அன்று சேகர் என்ன போட்டிருந்தான்? வேஷ்டி. மேலே? யோசித்தார். பட்டாசுப் புகையும், மாடியில் நின்று போனில் பேசிய அவன் முதுகும் தெரிந்தன. முதுகுக்கு நிறம் வரவில்லை. நீலமாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். இல்லாத ஆளின் சட்டையை எதற்குத் தேய்க்கிறாள்? அவள் போகவில்லை. அடுக்கை மார்போடு அணைத்துக்கொண்டு நின்று மீட்டர் பக்கம் பார்த்தாள். குளவி வந்திருந்தது. இந்தத் தரம் புழு. பச்சைப் புழுவைத் தலை முதலாகத் துவாரத்துக்குள் திணித்துக்கொண்டிருந்தது, வால் வெளியே நெளிந்தது. அவள் இப்போது பேசுவாள் என்று அவருக்குத் தெரிந்தது. அதைத் தட்டிவிடுங்க மாமா என்பாள். சொன்னால், ஏன் பயப்படுகிறாய் என்று அர்த்தம். இல்லை, பாவம் இருக்கட்டும் மாமா என்பாள். சொன்னால், ஏன் உருகுகிறாய் என்று அர்த்தம். இரண்டையும் அவர் தயாராக வைத்திருந்தார். தயாராக வைத்திருந்தது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. தட்டச் சொன்னாலும் குற்றம், தட்ட வேண்டாமென்றாலும் குற்றம். இதில் அவள் எந்தப் பக்கம் கால் வைப்பாள்?

"மாமா, எதாச்சும் கேக்கணும்னா கேட்டுருங்க," என்றாள். குரல் உயரவில்லை. "பதினோரு நாளா உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கீங்க."

அவளும் நாளை எண்ணியிருக்கிறாள். அவர் டீயை எடுத்தார். சூடு.

"குளவியத்தான் பாக்கேன்."

"நானும் அதத்தான் சொல்றேன்."

உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை. அகலத் திறந்து வைத்துவிட்டுப் போனாள், கட்டில் கால், இஸ்திரி விரிப்பு, சன்னல், சன்னலுக்கு வெளியே கொடியில் தொங்குகிற அவருடைய வேஷ்டி வரைக்கும் தெரிந்தது. பார்த்துக்கோ என்கிற மாதிரி. அவர் பார்க்கவில்லை. கேட்டுவிடு என்கிறாள். கேட்டால்? இல்லை என்பாள். இல்லை என்றால் நம்புவாரா? ஆமாம் என்றால்தான் நம்புவார். அப்படியானால் எதற்குக் கேட்பது. அந்த மோர்ச் சொம்புக்காரியையும் யாராவது கேட்டிருப்பார்கள், பச்சைக் கதவைச் சாத்திக்கொண்டு. அவளும் இல்லை என்றிருப்பாள். எத்தனை தரம் சொல்லியிருப்பாள்? கிழவி சொன்ன இரண்டு இல்லை காதில் கேட்டது. அப்போதுதான் தெருமுனையில் வண்டி நின்றது, அண்ணாச்சி பிரிட்ஜ மூடி வைங்க, பக்கத்து வீட்டு வெக்கையெல்லாம் உங்க பில்லுலதான் ஏறும் என்று சந்தனத்தின் குரல், கூட யாரோ சிரிக்கிற சத்தம். இரண்டு வீடு தள்ளி. அதற்கு அடுத்தது ரோஸ்மேரி டீச்சர் வீடு. அதற்கு அடுத்தது இது.

அவர் எழுந்தார். இடது முழங்கால் மளுக்கென்றது. அலமாரியைத் திறந்து பழைய டெஸ்டரை எடுத்தார், மஞ்சள் கைப்பிடி, ஓய்வு பெற்ற அன்று திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்டது. எதற்கென்று யோசிக்கவில்லை. யோசித்தால் உட்கார்ந்துவிடுவார். முனையைக் கூட்டின் அடியில் கொடுத்து நெம்பினார். ஓடு மாதிரி உடைந்தது. முதல் அறை, இரண்டாவது, மூன்றாவது. புழுக்கள் தரையில் விழுந்தன, பச்சைப் பச்சையாய், நெளிந்தும் நெளியாமலும். வெள்ளையாக ஒன்று. குளவி அவர் கைக்கு மேலே சுற்றியது. கொட்டட்டும் என்று கையை அப்படியே வைத்திருந்தார். கொட்டவில்லை. முகத்துக்கு நேரே வந்து நின்றது, விலகியது, சுவரில் கூடு இருந்த இடத்தில் உட்கார்ந்து, தலையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தது, எழுந்து வெளியே போயிற்று. கொட்டியிருக்கலாம் அது. மண்ணையும் புழுவையும் காலால் கதவு மூலைக்குத் தள்ளினார். நிமிர்ந்தால் சுவரில் தடம். வளையம் வளையமாய் நாலு. இது கூட்டைவிட மோசம். கூடென்றால் குளவி கட்டியது. தடமென்றால் யாரோ மறைத்தது. துண்டை டீயில் நனைத்துத் தேய்த்தார், வேறு தண்ணீர் கைக்கு எட்டவில்லை. சிவப்பு கலைந்து ஒரு முழத்துக்குப் பரவிற்று. டீச்சர் வீட்டுக் கேட் சாத்துகிற சத்தம். கிரில் தாழ்ப்பாள்.

சந்தனம் உள்ளே வந்து வணக்கம் அண்ணே என்றான், கருவியைக் காட்டி ரீடிங் எடுத்தான், கையில் சீட்டைக் கொடுத்தான், எல்லாம் செய்துகொண்டே மழை வராததைப்பற்றிப் பேசினான். அப்புறம் தலையைத் தூக்கினான். இருபது வருஷம் மீட்டர் பலகைகளைப் பார்த்த கண். சுவரைப் பார்த்தது, துண்டைப் பார்த்தது, கதவு மூலையைப் பார்த்தது, திறந்து கிடந்த அறைப் பக்கம் திரும்பப் போயிற்று.

"என்னண்ணே, சுவரெல்லாம் செம்மண்ணு?"

"துரு."

"துருவா? மீட்டருக்கு மேலயா?"

"பழைய வயரு. கணக்கு எடுத்தாச்சுல்ல. கெளம்பு."

சந்தனம் சிரிக்கப் பார்த்தான். அய்யாத்துரை கையிலிருந்த டெஸ்டரைப் பார்த்துவிட்டுச் சிரிக்காமல் போனான். டீச்சர் வீட்டு மதில்மேல் ஒரு தலை தெரிந்து மறைந்தது. போகட்டும். துரு என்று சொல்லியாயிற்று. கேட்கிறவர்களுக்கெல்லாம் துருதான். நம்புவது அவரவர் பாடு. திரும்பினால் பொன்மலர் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் தெரியாது. கதவு மூலையைப் பார்த்தாள். துடைப்பத்தையும் முறத்தையும் எடுத்துவந்து குந்தி, மண்ணையும் புழுவையும் கூட்டினாள். ஒரு புழு இன்னும் அசைந்தது. அதைப் பார்த்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். வயிறு அமுங்கக் குந்தியிருக்கிறாளே, முழுகாமல் இருப்பவள் இப்படிக் குந்துவாளா என்று அவருக்குள் ஒன்று எழுந்தது. ஆரம்ப மாசத்தில் குந்தலாம் என்று இன்னொன்று எழுந்தது. போகவில்லை. கூட்டைத் தட்டியும் அது போகவில்லை. எங்கே போகும், அது சுவரிலா இருந்தது.

போன் அடித்தது. நாலு மணி. அவர் எடுத்தார். சேகர் சாப்பாடு, மருந்து, முழங்கால் என்று வரிசையாகக் கேட்டான், அவர் ம், ம் என்றார். அங்கே வெயில் குறைந்திருக்கிறதாம். டிசம்பரில் லீவு கிடைத்தாலும் கிடைக்குமாம். பொன்மலர் முறத்தைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். உள்ளே போகவில்லை. அவரைப் பார்க்கவும் இல்லை. முறத்தில் இருந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பதினோரு நாளாக அவர் அவளுக்காகக் காத்திருந்த மாதிரி இப்போது அவள் காத்திருந்தாள். கை நின்றிருந்தது. பாதியில் நின்றிருந்தது. அதே கை.

"அப்புறம், வேற என்னப்பா?"

வீட்ல குளவி கூடு. நாக்கின் நுனியில்தான் இருந்தது, இத்தனை நாள் ஊறியது. நாலு சொல். விழுங்கினார்.

"ஒண்ணுமில்ல. ஒன் நீலச் சட்டையத் தேச்சு வச்சிருக்கா."



"எந்த நீலச் சட்டை? எங்கிட்ட ஏது நீலம்?"

மீட்டரில் பொட்டு மினுங்கியது. அவர் மருமகளைப் பார்த்தார். அவளுக்குக் கேட்டிருக்கும், போனில் அவன் குரல் எப்போதும் வெளியே கேட்கும். அவள் முகம் அப்படியே இருந்தது. ஆம்பிளைகளுக்குத் தங்கள் சட்டை ஞாபகம் இருப்பதில்லை. அவருக்கே இருந்ததில்லை. அப்படியும் இருக்கலாம். இல்லை, மற்றதாகவும் இருக்கலாம். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. பொட்டு மறுபடி மினுங்குவதற்குள் அவர் சொன்னார்.

"தீபாவளிக்கு எடுத்ததுடா. மறந்துட்டியா?"

"அப்படியா? இருக்கும் இருக்கும்," என்றான் சேகர். "அவகிட்ட குடுங்க."

போனைக் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள், முறத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு. மாமனார் கையில் முறத்தைக் கொடுக்கிறவள் இல்லை அவள். அவரும் வாங்குகிறவர் இல்லை. வாங்கிக்கொண்டார். அவள் பேசிக்கொண்டே உள்ளே போனாள், எதற்கோ சிரித்தாள், என்ன சொல்கிறாள் என்று காதைத் தீட்டவிருந்தவர் தீட்டாமல் விட்டார். முறத்தைக் கொண்டுபோய்க் கொல்லையில் கொட்டிவிட்டு வந்தபோது கிரில் கம்பியில் அது உட்கார்ந்திருந்தது. வாயில் மண்ணுருண்டை. அவரைச் சட்டை செய்யாமல் நேரே போய், டீக்கறையும் செம்மண்ணுமாகப் பரவிக் கிடந்த அதே இடத்தில் ஈரத்தை வைத்து இழுத்தது. அந்தச் சத்தம், பல்லைக் கடித்துக்கொண்டு. டெஸ்டர் ஸ்டூலின் மேல் இருந்தது. அவர் அதைத் தொடவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கித் திருப்பினார், மீட்டருக்கு முதுகு வருகிற மாதிரி, சுவரில் இருப்பது தெருவில் போகிறவர்களுக்குத் தெரியாதபடி குறுக்கே போட்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்தார். யாராவது வந்தால் எழுந்திருப்பதாக இல்லை.